சுவரில் இல்லாத ரீங்காரம்

ஜூன் மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை பிற்பகல், கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த ஓட்டு வீட்டின் சமையலறைச் சுவர் உடைக்கப்பட்டு, உள்ளே இருந்த தேனடைகள் மொத்தமாக எடுக்கப்பட்டன. மாலையே ஓட்டையைச் சிமெண்டு வைத்து அடைத்தார்கள். சிமெண்டு காய்ந்த பிறகும் சுவர் ரீங்கரித்தது.

வீட்டுக்காரர் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர். தெருவில் சுருதிக்காரர் என்றால்தான் தெரியும். இடுப்பு முறிந்து அவர் படுத்துக் கிடந்த காலத்தில் அந்தத் தேனீக்கள்தான் குடும்பத்துக்குச் சோறு போட்டன. செங்கல் இடுக்கில் கையை விட்டு, ஓரத்து அடையை மட்டும் அறுத்து விற்றாள் மனைவி. புழு வளரும் அடையைத் தொடமாட்டாள்; தேனிலும் பாதியை விட்டுவிடுவாள். அவர் எழுந்து நடமாடத் தொடங்கியதும் மருந்துக் கடைக்காரர் மொத்தமாகத் தேன் கேட்டார்.

"பாதியாவது விடுங்க. நாம வயித்தக் கழுவினதே அதுங்களாலதான்" என்றாள்.

"வாடகையா குடுக்குதுங்க? நம்ம சுவத்துல ஓசியில குடியிருக்குதுங்க."

"நீங்க படுத்திருந்தப்ப யாரு யாருகிட்ட ஓசியில சாப்பிட்டது?"

அவர் கந்தகப் புகை போட்டார். செத்து உதிர்ந்த தேனீக்களைக் கூட்டி அள்ளினார். வெள்ளைப் புழுக்கள் நெளிந்த அடைகளைச் சாக்கடையில் கொட்டினார்.

பிறகுதான் இந்தச் சத்தம். கொத்தனார் சுவரில் காதை வைத்துப் பார்த்துவிட்டுச் சலித்துக்கொண்டார்.

"திரும்பத் திரும்பக் கூப்பிடுறீங்களே அண்ணே. சுவரு பொணமாட்டம் கெடக்குது. இன்னும் இடிச்சா கூரை உங்க தலைமேல குடித்தனம் வந்துரும்."

மனைவிக்கும் எதுவும் கேட்கவில்லை. அதுதான் அவரை எரித்தது. பாத்திரம் கழுவும் ஓசைக்கு அடியில், குழாய் சொட்டும் ஓசைக்கும் அடியில், இரண்டு சுரங்களுக்கு நடுவே எந்தப் பியானோக் கட்டையிலும் உட்காராமல் அது இழுத்துக்கொண்டே இருந்தது. தலையணையில் முகம் புதைத்தால் உறை ஈரமாக, இனிப்பாக மணத்தது. காதுக்குள் ஏதோ ஊர்வதுபோல அரித்தது. சுண்டு விரலை விட்டுக் குடைந்தார். விரல் முன்னைப்போல உள்ளே போகவில்லை.

பேருந்திலும் கேட்டது. வெட்டவெளியிலும் கேட்டது. எந்தச் சுவரும் இல்லாத இடத்தில்.

மிச்சமிருந்த வேலை இசைப் பள்ளியின் பியானோ ஒன்றுதான். போன தடவை சேர்த்த சுருதி பிசகிவிட்டது என்று மேலாளர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

"இன்னொரு வாட்டி இப்படின்னா வேற ஆளப் பாத்துக்குவோம் சார்."

காதும் போனால் அவரிடம் வேறு பிழைப்பு இல்லை.

மாதக் கடைசிச் சனிக்கிழமை காலை மனைவி கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தாள். அவர் பியானோவின் மூடியைத் திறந்து நிறுத்தினார். சுருதி பார்க்கும் இசைக்கவையை முட்டியில் தட்டிக் காதருகே பிடித்தார். ரீங்காரம். மறுபடி தட்டினார். ரீங்காரம் மட்டும்.

"சனியனே, விட்டுத் தொலையேன்!" என்று கத்தினார்.

நின்றுவிட்டது.

எத்தனை நாளுக்குப் பிறகு இப்படி ஓர் அமைதி! சிரிப்பே வந்துவிட்டது. கட்டையை அழுத்தினார்.

ஒன்றும் கேட்கவில்லை.

இன்னும் அழுத்தி அடித்தார். உள்ளே தந்தி அதிர்வது கண்ணுக்குத் தெரிந்தது. ஒலி இல்லை. பக்கத்துக் கட்டை. அடுத்தது. இல்லை.

திரும்பினார். மனைவியின் கையிலிருந்து பை விழுந்தது. அதற்கும் சத்தமில்லை. அவள் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு பின்வாங்கிக்கொண்டிருந்தாள். அவள் பார்த்தது அவர் முகத்தை அல்ல. தலையின் பக்கவாட்டை.

மூடியின் கறுப்புப் பளபளப்பில் அவர் தன்னைப் பார்த்தார். வலது காதிலிருந்து ஒரு தேனீ வெளியே வந்தது. மடலில் நின்று இறகை உதறிக்கொண்டு ஜன்னல் பக்கம் பறந்தது.

ஜன்னல் வழியாக வேறொன்று வந்தது. அதன் கால்களில் மஞ்சளாக மகரந்தம் அப்பியிருந்தது. காது மடலில் இறங்கி, உள்ளே போனது.