புல்லுக்கடியில் ஓடிய மோட்டார்

ஒன்பது நாளாக ஒரு சொட்டு மழை இல்லை. அப்படியிருந்தும் செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, வில்லோ தெருப் பூங்காவில் மதகுக் கம்பிவலையில் சிக்கிக் கிடந்த இலைகளையும் குளிர்பான டப்பாக்களையும் வாரிப் போட்டுக்கொண்டிருந்த வெண்டலுக்கு, புல்லுக்கடியில் எங்கோ ஒரு மோட்டார் ஓடுவது கேட்டது. முதலில் ஒரு ‘க்ளிக்’. பிறகு அடித்தொண்டையில் ஓர் உறுமல், குழாயில் தண்ணீர் ஏறும் களகளப்பு, கடைசியாக வால்வு மூடிக்கொள்ளும்போது ‘டொக்’ என்று ஓர் இடி. அப்புறம் ஒன்றுமில்லை. ஆறு நிமிஷம் கழித்து மறுபடி ‘க்ளிக்’.

அந்த ஊரில் நிலவறை இல்லாத வீடு கிடையாது. நிலவறைக் குழியில் ஊறும் தண்ணீரை வெளியே தள்ள ஒரு குட்டி மோட்டார் இல்லாத நிலவறையும் கிடையாது. ஆகவே மோட்டார் சத்தத்தில் விசேஷம் ஒன்றுமில்லை. விசேஷம் என்னவென்றால், பூங்காவில் வீடே இல்லை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் இருந்தது. இருபத்திரண்டு வீடு. பெரிய வெள்ளத்துக்குப் பிறகு நகராட்சி அத்தனையையும் விலை கொடுத்து வாங்கி இடித்து, நிலவறைக் கான்கிரீட்டைக்கூட உடைத்து லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, தெருவையே ஓர் அகன்ற பள்ளமாக வெட்டிப் புல் போட்டுவிட்டது. வெயில் நாளில் பிள்ளைகள் பந்து விளையாடலாம். மழை நாளில் ஊர்த் தண்ணீரெல்லாம் அங்கே வந்து தங்கும். ஓடையில் இடமிருக்கிறதா என்று பார்த்து மதகைத் திறந்துவிடுவது வெண்டலின் வேலை. தானாகத் திறக்கும் மதகு வாங்குவதைப் பற்றி நகராட்சி வருஷாவருஷம் பேசும். வாங்குவது எப்போதும் அடுத்த வருஷம்தான். அதனால் அங்கே நிற்பது ஓர் இரும்புச் சக்கரமும், அடிக்கணக்கு எழுதிய ஒரு பலகையும், ஐம்பத்தெட்டு வயது வெண்டலும்.

அந்த ‘டொக்’ அவருக்குத் தெரியும். வால்வு தளர்ந்துபோன மோட்டார்தான் அப்படி இடிக்கும். “ரெண்டு வருஷமா சொல்றேன், அந்த வால்வை மாத்துங்க, வயித்துல இடிக்கிற மாதிரி இருக்கு” என்று மனைவி நோரீன் திட்டிக்கொண்டே இருப்பாள். வரும் ஞாயிறு, வரும் ஞாயிறு என்று அவர் கடத்திக்கொண்டே வந்தார். அவர்கள் வீடு இப்போது அளவுப் பலகை நிற்கும் இடத்தில்தான் இருந்தது.

“என்ன வெண்டல், புல்லுல காது வெச்சுக் கேக்கறீங்க? எறும்பு ஏதாவது ரகசியம் சொல்லுதா?”

நிமிர்ந்தார். மரிஸோல். பூங்காவுக்குக் கீழே மேப்பிள் தெருவில் முதலாவதாக இருக்கும் மஞ்சள் வீட்டுக்காரி. வாயாடி. தினமும் இந்த நேரத்துக்கு நாயை இழுத்துக்கொண்டு வருவாள், உண்மையில் நாய்தான் அவளை இழுத்துக்கொண்டு வரும்.

“உனக்கு ஏதாவது சத்தம் கேக்குதா?”

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். “என் வயிறுதான் சத்தம் போடுது. மதியம் சாப்பிடல. பேஸ்மென்ட்ல பெயின்ட் அடிச்சுட்டு இருந்தேன். பசங்களுக்கு அங்கயே ரூம் போட்டாச்சு, தெரியுமா? சோஃபா, டிவி எல்லாம் கீழதான். சாயங்காலம் புயல் வருதாமே? சுழற்காத்து சைரன் ஊதினா, நாங்க பாட்டுக்கு உக்காந்து படம் பாப்போம். சைரன் நிக்கற வரைக்கும் ஒருத்தனையும் மேல விடமாட்டேன்.”

வெண்டலுக்குச் சொல்ல வேண்டியது நெஞ்சுவரை வந்தது. அதைச் சொல்ல ஆரம்பித்தால் நோரீனைச் சொல்ல வேண்டும். நோரீனை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

“கீழ தண்ணி வந்தா…” என்று மட்டும் இழுத்தார்.

“அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே! தண்ணி ஏறுச்சுன்னா ஒரு போன் பண்ணுங்க, ஓடி வந்துடறோம். கூப்பிடுவீங்கல்ல?”

“கூப்பிடறேன்.”

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவருக்கே உறைத்தது. நாய் அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டது. புல்லுக்கடியில் ‘க்ளிக்’.

ஐந்து மணிக்கு வானம் பச்சையானது. அந்தப் பக்கத்து மக்களுக்கு அந்த நிறம் தெரியும். கன்றிப்போன காயத்தின் நிறம் அது. காற்று நின்றது, குருவிகள் அடங்கின. முதல் துளிகள் காசளவுக்கு விழுந்தன. பிறகு துளி என்று பிரித்துச் சொல்ல எதுவும் இல்லாமல் மழை மொத்தமாக இறங்கியது. ஊரின் எட்டு மழைநீர்க் குழாய்களும் பள்ளத்துக்குள் தண்ணீரைக் கக்கத் தொடங்கின. வெண்டல் மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு கரைமேல் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று பலகையைப் பார்த்தார். ஒரு அடி. ஒன்றரை.

இடுப்பில் வாக்கிடாக்கி கரகரத்தது. அலுவலகத்திலிருந்து கோனி. “உயிரோட இருக்கியா, தாத்தா?”

“உன்னைவிட ரெண்டு மாசம்தான் பெரியவன்.”

“அந்த ரெண்டு மாசத்துலதான் உனக்கு முடி கொட்டிப்போச்சு. சரி, கேளு. ஓடை இப்பவே நுரை தள்ளிட்டு ஓடுது, அதனால ஆறடி வர்ற வரைக்கும் மதகைத் தொடாதே. ஆறடி தொட்டா உடனே திற. எட்டடிக்கு மேல போச்சுன்னா மேப்பிள் தெருப் பக்கம் கரை தாண்டிடும். புரிஞ்சுதா?”

“பதினோரு வருஷமா புரியுது.”

நோரீன் விஷயம் கோனிக்கு மட்டும் தெரியும், அவர் சொல்லாமலே. “நான் வேற ஆளை அனுப்பட்டுமா, வெண்டல்?”

“வேண்டாம்.”

ஐந்து இருபதுக்குச் சைரன் எழுந்தது.

ஊர் முழுவதும் ஒரே ஊளை. ஏறி, நின்று, இறங்கி, மறுபடி ஏறி. மாதம் ஒருமுறை அதைச் சோதித்துப் பார்க்கும் நாளில்கூட வெண்டல் லாரிக்குள் போய் ஜன்னலை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மேப்பிள் தெருவில் கதவுகள் சாத்தப்படுவது கேட்டது. மேல்மாடி விளக்குகள் அணைந்தன. எல்லோரும் கீழே போனார்கள். அந்த ஊரில் குழந்தைக்கு நடக்கத் தெரியும் முன்பே அது தெரியும்: சைரன் ஊதினால் நிலவறை.

பெரிய வெள்ளத்தன்று நோரீனும் அப்படித்தான் போனாள். போகச் சொன்னது அவர். அன்றைக்கு ஊரின் மறுகோடியில் வேலையில் இருந்தார். சைரன் கேட்டதும் போன் செய்து, கீழே போ என்றார். கால் மணி கழித்து அவள் கூப்பிட்டாள். “தண்ணி கணுக்கால் வரைக்கும் வந்துடுச்சு, வெண்டல். மேல வரலாமா?” சைரன் இன்னும் நிற்கவில்லை. “வேண்டாம், அங்கயே இரு. நான் கூப்பிடறேன், அப்ப வா” என்றார். பிறகு ஒரு கம்பிவலை அடைத்துக்கொண்டது. அதை இருபது நிமிஷம் இழுத்துக்கொண்டிருந்தார். போன் பையிலேயே இருந்தது. சுழற்காற்று எங்கேயும் இறங்கவில்லை. தண்ணீர் தள்ளி, நிலவறையின் வடக்குச் சுவர்தான் உள்ளே இறங்கியது.

சொன்ன பேச்சைத் தட்டாமல் காத்திருந்தவள் அவள்.

பலகையில் நாலடி. மழையின் இரைச்சலுக்குள்ளே ஒரு வாடை வந்தது. சகதி வாடை அல்ல. ஈரமான அட்டைப்பெட்டி, சலவைத்தூள், உலர்த்தும் இயந்திரத்தின் சூடான துணிப்பஞ்சு. திறந்த வானத்தின் கீழே, அத்தனை காற்றுக்கும் மழைக்கும் நடுவில், அவர் வீட்டு நிலவறையின் வாடை. மூக்கைத் துடைத்துக்கொண்டார். போகவில்லை.

ஐந்தடி. தண்ணீருக்கடியில் மோட்டார் ஓடியது. இந்த முறை ‘டொக்’ வரவில்லை. ஓடிக்கொண்டே இருந்தது, திணறித் திணறி. பிறகு நின்றுவிட்டது.

அதற்கப்புறம் தட்டல். மூன்று தடவை. இரும்புக் குழாயில், மெதுவாக.

நிலவறையிலிருந்து அவரைக் கூப்பிட நோரீன் அப்படித்தான் தட்டுவாள். துணிக்கூடை கனக்கிறது, வந்து தூக்குங்கள் என்று அர்த்தம். கத்திக் கூப்பிட அவளுக்குப் பிடிக்காது.

“ஆறடி” என்றது வாக்கிடாக்கி. “வெண்டல், மழைக் கணக்குப்படி இப்ப ஆறடி இருக்கணும். திறந்தாச்சா?”

கைகள் சக்கரத்தின்மேல் இருந்தன. பலகைக்குப் பக்கத்தில், கலங்கிய தண்ணீரின் ஆழத்தில், ஒரு மஞ்சள் வெளிச்சம் இப்படியும் அப்படியும் அசைந்தது. யாரோ டார்ச் பிடித்துக்கொண்டு எதையோ தேடுகிறார்கள்.

“வெண்டல்?”

அது கோனி இல்லை.

“மேல வரலாமா?”

சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மதகைத் திறந்தால் தண்ணீர் போய்விடும். தண்ணீர் போனால் அவள் போய்விடுவாள். நிலவறையிலிருந்து மேலே பன்னிரண்டு படி. ஒரு நிமிஷம்கூட ஆகாது. பதினோரு வருஷம் காத்திருந்தவளுக்கு ஒரு நிமிஷம் தரக்கூடாதா?

“வா” என்றார். “வா, நோரீன். மேல வந்துடு. கூப்பிடறேன். இப்பக் கூப்பிடறேன்.”

வெளிச்சம் அசைவதை நிறுத்தியது. மேலே திரும்பியது.

முதல் படி. மரத்தில் ஈரக்கால் பதியும் ஓசை.

இரண்டு. மூன்று.

அவள் அவசரப்படவில்லை. நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் வெகுநேரம் நின்றாள். பலகையில் ஏழு. கோனி என்னவோ கத்தினாள். அவர் வாக்கிடாக்கியை அணைத்தார்.

ஆறு. ஏழு.

நெஞ்சுக்கு மேல், சட்டைப்பையில் ஏதோ அதிர்ந்துகொண்டே இருந்தது. தன் இதயம் என்று நினைத்தார்.

எட்டு.

ஒன்பதாவது படி முனகியது. அது எப்போதும் முனகும். அவருக்கு அழுகை வந்துவிட்டது.

பத்து.

பலகையின் எட்டு மறைந்தது.

பதினொன்று.

“இன்னும் ஒண்ணுதான்” என்றார். “ஒண்ணே ஒண்ணு.”

பன்னிரண்டு.

அலையே எழும்பவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நோரீன் நின்றாள். நீல ஸ்வெட்டர். கையில் டார்ச். முடி கன்னத்தில் ஒட்டியிருந்தது. பிணவறையில் அவர் அடையாளம் காட்டிய முகம் அல்ல. அன்று காலை வாசலில் நின்று வழியனுப்பிய முகம். அவர் கையை நீட்டினார்.

அவள் அதைப் பிடிக்கவில்லை. அவரைப் பார்க்கவும் இல்லை. அவருடைய தோளுக்குப் பின்னால், பள்ளத்துக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்களில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. கோபமாக இருந்தால் அவரால் தாங்கியிருக்க முடியும்.

“வெண்டல்,” என்றாள், “அவங்களை யாரு கூப்பிடுவா?”

திரும்பினார்.

கரை இல்லை. கரை இருந்த இடத்தில் தண்ணீர், சத்தமில்லாமல், மேப்பிள் தெருவுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வேலிகள் இல்லை. கார்களின் கூரை மட்டும். வெறி பிடித்தவர் போலச் சக்கரத்தைத் திருகினார். அது சுற்றியது. சுற்றி என்ன பயன்? ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் நீட்டிக்கொண்டிருந்த மோட்டார்க் குழாய்கள் தண்ணீரைத் துப்பிக்கொண்டிருந்தன. கோடி வீட்டுக் குழாய் நின்றது. அடுத்தது நின்றது. அதற்கடுத்தது. ஒவ்வொன்றாக, மேலேறி, இவரை நோக்கி. கடைசியாக மஞ்சள் வீடு. ஒரு செருமல். நின்றது.

போனை எடுத்தார். மரிஸோல். மரிஸோல். மரிஸோல். ஏழு தடவை கூப்பிட்டிருந்தாள். கடைசி அழைப்பு நாலு நிமிஷத்துக்கு முன்னால்.

அப்போது சைரன் ஓய்ந்தது. மழையும் விட்டது.

அந்த அமைதியில், மஞ்சள் வீட்டுக்கடியிலிருந்து யாரோ குழாயைத் தட்டினார்கள். மெதுவாக. மூன்று தடவை.

பிறகு அடுத்த வீட்டில்.

பிறகு அதற்கடுத்த வீட்டில்.