நாலாம் நம்பர் டிரம்மின் தோல்

“உள்ள இருக்குறவங்க கூப்பிட்டா வெளிய கேக்குமாப்பா?”

ஆறு வயதில் ஜோதி கேட்டது. ஆயுத பூஜையன்று நந்தகோபால் அவளை ஆம்பூரில் தான் வேலை பார்த்த தோல் டேனரிக்குக் கூட்டிப் போயிருந்தார். தோல்களைச் சுண்ணாம்பிலும் மருந்திலும் போட்டுச் சுழற்றும் பெரிய மர டிரம்கள் சந்தனப் பொட்டோடு ஓய்ந்து நின்றன. அதில் ஒன்றின் வயிற்றில் காதை வைத்துக்கொண்டு குழந்தை கேட்டாள்.

கூப்பிட்டால் கேட்காது, தட்டினால்தான் கேட்கும் என்று அவர் சொன்னார். மோட்டாரைப் போடுவதற்கு முன்னால் வெளியே நிற்பவர் மரத்தில் மூன்று முறை தட்டுவார். டிரம்முக்குள் யாராவது இருந்தால் இரண்டு முறை பதில் தட்டுவார்கள். பதில் வருகிறதா என்று ஒரு கற்பூரம் எரிந்து அணையும் நேரம் காத்திருக்க வேண்டும். வந்தால், தட்டியவரே உள்ளே இறங்கி அந்த ஆளைக் கைபிடித்து ஏற்றிவிட வேண்டும். வேறு ஒருவரை அனுப்பக் கூடாது. இது சுப்பராயன் ஏற்படுத்திய வழக்கம். டிரம் பிரிவில் மூத்தவர் அவர். நந்தகோபாலுக்கு அண்ணன் மாதிரி.

அந்த வழக்கத்தால்தான் நந்தகோபால் உயிரோடு இருக்கிறார். நாலாம் நம்பர் டிரம்முக்குள், தோலைப் புரட்டும் உட்சுவர் மர முளைகளை மாற்றிக்கொண்டிருந்தபோது அடியில் தேங்கிய வாயு அவரைச் சாய்த்துவிட்டது. வெளியே மூன்று தட்டு கேட்டது. விரல் முட்டியால் இரண்டு முறை தட்டினார். அது தட்டியது கூட இல்லை, உரசியதுதான். சுப்பராயனுக்கு மட்டும் அது கேட்டது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அவர் இறங்கினார். மணிக்கட்டைப் பற்றிய அந்தப் பிடியை நந்தகோபால் மறக்கவில்லை. பதிலுக்கு எதுவும் செய்யவும் முடியவில்லை. சில வருஷம் கழித்து ஒரு மழை நாளில், அதே டிரம்முக்குள் சுப்பராயன் இருந்தபோது, தட்டிய புது ஆள் காத்திருக்காமல் மோட்டாரைப் போட்டுவிட்டான். அன்று நந்தகோபால் மகளைக் கல்லூரியில் சேர்க்க வேலூருக்குப் போயிருந்தார்.

இப்போது டேனரி இல்லை. மனைவியும் இல்லை. ஜோதி பெங்களூரில் இருக்கிறாள். வீட்டில் அவரும் ஒரு ரெக்கார்ட் பிளேயரும்.

அது டேனரி முதலாளி ஜெர்மனிக்குத் தோல் கண்காட்சிக்குப் போனபோது வாங்கி வந்தது. ஒரு கையால் தூக்க முடியாத அலுமினியத் தட்டு, தேக்குப் பெட்டி, வைத்தியர் கருவி போல மெலிந்த ஊசிக் கை. பல வருஷம் அதைப் பழுது பார்த்தவர் நந்தகோபால்தான். முதலாளி இறந்து, அவர் மனைவி அக்தரி பேகம் சென்னைக்குக் குடிபோனபோது, “உன் கை பட்டாதான் பாடுது, நீயே எடுத்துக்கோப்பா” என்று கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு அதைப் புதுப்பிப்பதே அவருக்குப் பொழுதாயிற்று. அச்சுக்குழியின் பழைய எண்ணெயை வழித்துப் புது எண்ணெய் விட்டார். தளர்ந்த ஸ்பிரிங்குகளை மாற்றினார். பெல்ட்டும் புது ஊசியும் ஜோதி அனுப்பினாள். கடைசியாக மீந்தது தட்டின் மேல் கிடக்கும் ரப்பர் விரிப்பு. அது அப்பளம் போல விறைத்துப் போயிருந்தது. தோல் விரிப்பு போட்டால் இசை இன்னும் அடக்கமாக ஒலிக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆம்பூர்க்காரருக்குத் தோலுக்கா பஞ்சம்? அலமாரியில் ஒன்று இருந்தது. அரக்கோணத்தில் மகனோடு இருக்கப் போகும்போது சுப்பராயனின் மனைவி பூவம்மாள் கொடுத்தது. அதை வட்டமாக வெட்டி, நடுவில் துளையிட்டு, தட்டின் மேல் பரப்பினார்.

அன்று சாயங்காலம் ஒரு நாகஸ்வர இசைத்தட்டைப் போட்டார். ஒலி வெண்ணெயில் தோய்ந்தது போல வந்தது. பக்கம் முடிந்து, ஊசி கடைசி வளையத்தின் மௌனத்தில் சுற்றிக்கொண்டிருந்தபோது, ஸ்பீக்கரிலிருந்து மெதுவாக இரண்டு முறை கேட்டது.

டொக். டொக்.

தூசி என்று நினைத்து இசைத்தட்டைத் துடைத்தார். வேறு இசைத்தட்டைப் போட்டார். பாட்டு முழுக்க ஒன்றுமில்லை; கடைசி மௌனத்தில் மறுபடி அதே இரண்டு. மறுநாள் பிளேயரைக் குடைந்தெடுத்தார். அச்சு சுத்தம், மோட்டார் இறுக்கம், ஸ்பிரிங் சரி. ஒரு இயந்திரம் தப்பாகச் சத்தம் போட்டால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அந்தக் காரணத்துக்கு ஒரு ஸ்பேனர் இருக்கும் என்று வாழ்ந்தவர் அவர். இதற்கு எந்த ஸ்பேனரும் பொருந்தவில்லை. ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டுக் கேட்டார். இப்போது சத்தம் பெட்டியிலிருந்தே வந்தது. அலுமினியத்தின் சத்தம் இல்லை அது. ஊறிய மரத்தை விரல் முட்டி தட்டும் சத்தம்.

பூவம்மாளுக்குப் போன் செய்தார். சாப்பிட்டாயா, காலையில் மாத்திரை போடுகிறாயா என்றெல்லாம் விசாரித்து முடித்தாள். பிறகு அந்தத் தோல் எங்கே கிடைத்தது என்று அவர் கேட்டார்.

“அன்னிக்கு நாலாம் நம்பர் டிரம்ல இருந்த தோலுதான் தம்பி. எல்லாத்தையும் வித்துட்டாங்க, ஒண்ணு மட்டும் மேஸ்திரி எனக்குக் கொண்டாந்தாரு. விக்கவும் மனசு வரல, வெச்சுக்கவும் மனசு வரல.”

“எங்கிட்ட சொல்லலியே அண்ணி.”

“சொன்னா நீ வாங்கியிருப்பியா?” பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்: “அவரு தட்டியிருப்பாரு தம்பி. கேக்குறவங்கதான் யாரும் இல்ல. நீ இருந்திருந்தா உனக்குக் கேட்டிருக்கும்.”

அவள் குற்றம் சொல்லவில்லை. அது அவருக்குத் தெரியும். தெரிந்தும், போனை வைத்ததும் பிளேயரிடம் போனார்.

விரிப்பை எடுத்துவிடலாம் என்று ஓரத்தில் நகத்தைக் கொடுத்தார். வரவில்லை. பசை எதுவும் போட்டிருக்கவில்லை. ஆனாலும் எலும்போடு ஒட்டிய சதை போலத் தட்டோடு ஒட்டிக் கிடந்தது. தொட்ட இடம் ஈரமாக இருந்தது. விரலை முகர்ந்தார். சுண்ணாம்பு. அதற்கடியில் அழுகிய முட்டை நாற்றம். வருஷங்களுக்கு முன் அவரைச் சாய்த்த வாயுவின் நாற்றம்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. விளக்கு வைக்கும் நேரம். சாரல் அடிக்காமல் கதவைச் சாத்திவிட்டு வந்து, பிளக்கைப் பிடுங்கி ஒயரைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டார். அப்போதுதான் கரண்ட் போனது. சாமி படத்தின் முன்னால் எரிந்த அகல் மட்டும் மீந்தது. அந்த வெளிச்சத்தில், கரண்ட் இல்லாத ஊரில், பிளக் இல்லாத பிளேயரின் தட்டு மெல்ல நகரத் தொடங்கியதைப் பார்த்தார். இசைத்தட்டின் வேகத்தில் இல்லை. கனத்து, முனகிக்கொண்டு, ஈரத்தோல் நிறைந்த டிரம் முதல் சுற்று எடுக்கும் வேகத்தில்.

டொக். டொக்.

உள்ளே ஆள் இருக்கிறது.

டொக்டொக். டொக்டொக். டொக்டொக்.

ஓடிப் போய்க் கதவை இழுத்தார். மழையில் ஊறிய கதவு அசையவில்லை. தட்டும் சத்தங்கள் இப்போது அழுகை போல வந்தன. கதவை விட்டுவிட்டுத் திரும்பினார். இரண்டு கைகளையும் தட்டின் மேல் வைத்து அழுத்தினார். நின்றது. அதன் இழுப்பில் தோள்மூட்டு கழன்றுவிடும் போல வலித்தது. ஒரு கையைத் தளர்த்தினால் தட்டு அரை அங்குலம் நகர்ந்தது. உள்ளே ஏதோ நசுங்கும் சத்தம். மறுபடி அழுத்தினார்.

“ரங்கநாதா.” பள்ளிகொண்டாவில் படுத்திருப்பவனைக் கூப்பிட்டார். குரல் வெளியே போகவில்லை. நான்கு பக்கமும் மோதித் திரும்பி அவரிடமே வந்தது.

உள்ளங்கைக்குக் கீழே தோல் அசைந்தது.

மூச்சு விடுவது போல உப்பியது. தாழ்ந்தது. விளிம்பு தானாக விலகியது. அதற்கடியில் அலுமினியம் இல்லை. கறுப்பு. ஆழம். ஒரு ஆள் நுழையும் அளவுக்குக் கதவு திறந்த இருட்டு. அதிலிருந்து சுண்ணாம்பில் வெந்து வெளுத்த ஒரு கை மேலே வந்து, எதையாவது பிடிக்கத் துழாவியது.

நந்தகோபால் அலறவில்லை. அலற முடியவில்லை. ஆனால் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை. தனக்கு ஒருமுறை நீண்ட கையை வேறு எந்தக் கையோடும் அவரால் குழப்பிக்கொள்ள முடியாது. வலக்கையை நீட்டினார். அது மணிக்கட்டைப் பற்றியது. அதே பிடி.

“வாங்கண்ணா,” என்றார்.

இழுத்தார்.

கனம். ஈரம். நாற்றம். தோளை உரசிக்கொண்டு ஏதோ கடந்து போனது. அகல் அணைந்தது. தரையில் சொதசொதவென்று காலடிகள் கதவுவரை போயின. அவருக்குத் திறக்காத கதவு திறந்தது. மழைக்காற்று ஒருமுறை உள்ளே வந்தது.

பிறகு கதவு வெளியிலிருந்து மூடியது.

தட்டு நின்றுவிட்டதா என்று தடவிப் பார்த்தார். மேஜை இல்லை. பிளேயர் இல்லை. சுவருக்குக் கை நீட்டினார். சுண்ணாம்பு பூசிய செங்கல் சுவர் இருக்க வேண்டிய இடத்தில், ஊறிய மரம் வளைந்து மேலே போனது. விரல்கள் ஒரு முளையில் இடித்தன. அடுத்து இன்னொரு முளை. அவர் கையாலேயே மாற்றிய முளைகள். காலடியில் தண்ணீர் கணுக்கால்வரை நின்றது.

வெளியே, மரத்தில், மூன்று தட்டு.

பிறகு மௌனம். யாரோ காத்திருக்கும் மௌனம். அவசரமில்லாத, பழக்கமான, ஒரு கற்பூர நேரத்து மௌனம்.

விரல் முட்டி மரத்தை நோக்கி உயர்ந்தது. இரண்டு முறை தட்டினால் போதும். உரசினால்கூடச் சுப்பராயனுக்குக் கேட்டுவிடும். கேட்டால் தட்டியவரே இறங்குவார். வேறு யாரையும் அனுப்ப மாட்டார். அந்த மழைநாள் முதல் தட்டித் தட்டி இப்போதுதான் வெளியே போயிருக்கிற மனிதர், மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, மறுபடி இதற்குள் இறங்குவார்.

நந்தகோபால் கையைக் கீழே இறக்கினார். இரண்டு கைகளையும் அக்குளில் இறுக்கிக்கொண்டார். பற்கள் தந்தியடித்துச் சத்தம் வந்துவிடப் போகிறதே என்று வேட்டி நுனியை வாயில் திணித்துக்கொண்டார்.

கற்பூரம் எரிந்தது.

அணைந்தது.

இருட்டில், காலடியில் நின்ற தண்ணீர் மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது.