பிலோமி அத்தை வீட்டு வம்பு

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வெளிநாட்டு மாணவர்கள் எல்லோரும் மூளைவாரியின் முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். தலையில் தொப்பியை மாட்டி, அந்த வாரப் பாடங்கள் எங்கே பதிந்திருக்கின்றன என்று குறித்துக்கொள்வார்கள். வலிக்காது. எனக்கு எரிச்சலாக வரும், அவ்வளவுதான்.

வடநிலக் கூட்டரசில் படிப்பு இலவசம்; ஆனால் பாடம் அந்த நாட்டின் சொத்து. படித்துவிட்டு அங்கேயே வேலைக்கு இருந்தால் தலையில் தங்கும். ஊருக்குக் கிளம்பினால் விமான நிலையத்தில் உருவிக்கொண்டு பட்டத்தை மட்டும் கையில் கொடுப்பார்கள். நல்லா இருக்கே நியாயம்! நான் போனது கடல்நீரைக் குடிநீராக்கப் படிக்க. அந்தப் படிப்பு அங்கே மட்டும்தான் இருந்தது. எங்கள் கடற்கரை ஊரில் கிணறெல்லாம் உப்பாகிப் பதினோரு வருடம். லாரித் தண்ணீருக்குச் சண்டை போட்டே அம்மாவுக்குத் தொண்டை போயிற்று.

போனிலும் பாடம் சொல்ல முடியாது. செவிக்காவல் என்றொரு மென்பொருள் ஒட்டுக்கேட்கும். பாட வாசனை அடித்தால் இணைப்பை வெட்டிவிடும். குடும்ப வம்பை மட்டும் ‘பயனற்ற பேச்சு’ என்று விட்டுவிடும். பயனற்றதாம்! எங்கள் தெருவில் வந்து சொல்லிப் பார்க்கட்டும்.

தங்கை அமலியிடம் ஆரம்பித்தேன்.

“ஏட்டி, பிலோமி அத்தை வாசல்ல உக்காந்துகிட்டு மருமகளை மட்டும் உள்ள விடுதாளாம். கொழுந்தன்மாரை விடவே மாட்டேங்கா. மருமகளும் மாமா பின்னால நின்னு தள்ளுனாத்தான் உள்ள வருவாளாம்.”

எங்களுக்கு அத்தையே கிடையாது. ஆனாலும் அமலி ‘எந்த அத்தை?’ என்று கேட்கவில்லை. “மாமா எத்தனை தள்ளு தள்ளணுமாம்க்கா?” என்றாள். அடி என் தங்கமே!

நாலு வருடம் அத்தை வீட்டில் சண்டை ஓயவில்லை. வாசலில் கூட்டம் சேர்ந்தால் எப்படி விரட்டுவது, மாமா அளவுக்கு மீறித் தள்ளினால் அத்தை சேலை எங்கே கிழியும், எல்லாம் சொன்னேன்.

கிளம்பும் நாளில் அதிகாரி மொழிபெயர்ப்புக் கருவி வழியாகக் கேட்டார்: “இங்கேயே இருந்தால் எல்லாம் உங்களுடையதே. யோசித்தீர்களா?”

“யோசிச்சாச்சு. எடுத்துக்கோங்க.”

திரையைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். “இந்த பிலோமி அத்தை நினைவு மிக நீளமாக இருக்கிறதே?”

“பெரிய குடும்பம் சார்.”

சிரித்துக்கொண்டே அதைத் தொடாமல் விட்டார்.

விமானத்தில் உட்கார்ந்து என்ன படித்தேன் என்று யோசித்தேன். ஒன்றுமே இல்லை. அத்தை வீட்டுச் சண்டை வரிக்கு வரி ஞாபகம் இருந்தது. அதன் பொருள் சுத்தமாகத் தெரியவில்லை. ஊர் வரும்வரை அழுதேன்.

அமலி என்னைப் படகுக் கொட்டகைக்கு இழுத்துப் போனாள். பழைய விசைப்படகு எஞ்சின் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. பக்கத்துக் குழாயில் அம்மா யாரோடும் சண்டை போடாமல் குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு தம்ளர் நீட்டினாள். துளி உப்பு இல்லை.

“இது எப்படிட்டி ஓடுது?” என்று எஞ்சினைச் சுற்றி வந்து கேட்டேன்.

“உக்காரு, சொல்லுதேன்.” அமலி கரித்துண்டால் சுவரில் ஒரு வாசலை வரைந்தாள். “இந்தச் சவ்வுதான் பிலோமி அத்தை. தண்ணி மருமக. உப்பு கொழுந்தன்மாரு. எஞ்சின் இருக்குல்லா, அதான் மாமா…”

மூன்று மாதத்தில் எல்லாவற்றையும் அவளிடமே திரும்பப் படித்தேன்.

இந்த வருடம் எங்கள் தெருவிலிருந்து நாலு பெண்கள் அதே நாட்டுக்குப் போகிறார்கள். நேற்று எங்கள் வீட்டில் உட்கார்ந்து ஆளுக்கொரு குடும்பம் உண்டாக்கிக்கொண்டிருந்தார்கள். மருத்துவம் படிக்கப் போகிற சகாயமேரிக்கு ஏழு நாத்தனார்கள்.

“காணாதுட்டி, இன்னும் ரெண்டு சேத்துக்கோ” என்றேன்.