பத்தாம் தேதிக்குப் பிறகான தட்டுகள்

பத்தாம் தேதி எடுத்த படத்தில் தட்டு காலியாக இருந்தது.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். காலிதான். "அண்ணனோட கடைசிப் படம் ஏதாவது இருந்தா அனுப்புங்க அண்ணி, முகமே மறந்துடும்போல இருக்கு" என்று நாத்தனார் காலையில் கேட்டதால்தான், மூன்று வருஷமாக அலமாரியில் கிடந்த பழைய போனுக்கு உயிர் கொடுத்திருந்தாள். ஆனால் அந்த நோய் வருஷத்தில் கணவரின் முகத்தை அவள் எடுக்கவே இல்லை. அவர் உள்ளறையில் தனியாகப் படுத்திருந்தார். கதவருகே சாப்பாட்டை வைப்பாள். ஒரு மணி நேரம் கழித்துத் தட்டைப் படம் எடுப்பாள். எவ்வளவு உள்ளே இறங்குகிறது என்று தெரிய வேண்டும் என்றிருந்தார் டாக்டர்.

ஏழாம் தேதி, பாதி மிச்சம். எட்டாம் தேதி, ஒரு வாய் குறைந்திருந்தது. ஒன்பதாம் தேதி, வைத்தது வைத்தபடி. பத்து, பதினொன்று, பன்னிரண்டு, மூன்று நாளும் காலி.

பதின்மூன்றாம் தேதிதான் கவச உடுப்பில் வந்தவர்கள் கதவைத் திறந்தார்கள். "உயிர் போய் நாலு நாளாவது ஆகியிருக்கும்மா" என்றார் ஒருவர்.

"நேத்துகூட சாப்பிட்டாரே."

காய்ச்சலில் உளறுகிறாள் என்று விட்டுவிட்டார்கள். அவளுக்கும் நோய் கண்டு, மூக்கு வாசனையே அறியாதிருந்த நாட்கள் அவை. போகப்போக அவளும் உளறல் என்றே நம்பினாள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊரார் புகாரைக் கேட்கிற வேலை அவளுக்கு. கூடத்து மேஜையில் உட்கார்ந்து யாரிடமோ "மன்னிக்கணும் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, பத்தடி தள்ளி அவர் போய்ச் சேர்ந்திருந்தார். கூப்பிட்டிருப்பாரோ? அந்தக் கேள்விதான் மூன்று வருஷமாக அவள் தூக்கத்தைத் தின்றது.

பன்னிரண்டாம் தேதிப் படத்தைப் பெரிதாக்கினாள். தட்டு நக்கித் துடைத்தாற்போல் பளபளத்தது. கரண்டி நுனியில் பல் பதிந்திருந்தது. கதவு விரலளவு திறந்திருந்தது. அந்த இருட்டில், தரையோடு தரையாக, ஈரமான ஒரு கண்.

போன் அடித்தது. நாத்தனார்தான்.

"படம் கிடைச்சுதா அண்ணி?"

"கிடைச்சுது."

"சிரிச்சுக்கிட்டு இருக்காரா?"

"சாப்பிடறார்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மத்தியான வெயில் கூடத்தில் சப்பென்று விழுந்து கிடந்தது. ஃபிரிட்ஜ் முனகி அடங்கியது. அந்த அமைதியில், அன்றிலிருந்து தாழிட்டே கிடந்த உள்ளறைக்குள், எதுவோ தரையில் நகர்ந்து கதவுவரை வந்து நின்றது.

ஓடிவிடலாம். வாசல் திறந்துதான் இருந்தது. அவள் அடுப்படிக்குப் போனாள். தனக்கு எடுத்து வைத்திருந்த சாப்பாட்டைத் தட்டில் போட்டாள். வெளித்தாழ்ப்பாளை நீக்கி, தட்டைக் கதவருகே வைத்துவிட்டு மண்டியிட்டாள்.

"என்னங்க."

கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு மட்டும்.

"பசிக்குதா?"

கதவு விரலளவு திறந்தது. ஒரு கை வந்தது. அவருடையதில்லை. அவ்வளவு நீள விரல்கள் யாருக்கும் இருக்காது. அது தட்டைத் தாண்டியது. அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

சில்லென்று இருந்தது. அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

"அன்னைக்கு என்னைக் கூப்பிட்டீங்களா?" என்றாள். "அதை மட்டும் சொல்லுங்க."

உள்ளே, தரையோடு தரையாக, ஒரு வாய் மெல்லத் திறந்தது.