அராபா, மேடைக்கு வா!

ஆப்பிரிக்கக் கடலோரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் செவ்வாய்க்கிழமை கடலுக்கு ஓய்வு. அன்று யாரும் படகு இறக்குவதில்லை. வலை தைப்பார்கள், கல்யாணம் பேசுவார்கள், சண்டை போடுவார்கள்.

செவ்வாய்க்கிழமை பிறந்த பெண்ணுக்கு அராபா என்று பெயர். புதன்கிழமை என்றால் எக்குவா, செல்லமாகக் குக்குவா. பெயர் வைக்க யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. பிறந்த கிழமையே வைத்துவிடும். ஒரே ஒரு தொல்லைதான். தெருவில் நின்று "அராபா!" என்று கூப்பிட்டால் நாலு வீட்டிலிருந்து "என்ன?" என்று குரல் வரும்.

புதன்கிழமைக்காரி குக்குவாவின் வகுப்பிலேயே மூன்று அராபாக்கள். ஒருத்தி சின்ன அராபா. ஒருத்தி பல் அராபா. மூன்றாவது பெண் வீட்டில் மூன்றாவது மகள், அதனால் மான்சா. மான்சா, மான்சா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அவளுடைய கிழமைப் பெயரே எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது.

குக்குவாவும் மான்சாவும் ஒரே பெஞ்சு. குக்குவாவுக்கு ஊருக்கே கேட்கும் குரல். மான்சா அதிகம் பேசமாட்டாள். இரண்டு பேருக்கும் அது வசதியாக இருந்தது.

ஒருநாள் ஓட்டூ சார் வகுப்புக்குள் வேகமாக வந்தார்.

"அராபா பேசின் ஆரம்பிச்சு முப்பது வருஷம் ஆகுது. அடுத்த செவ்வாய்க்கிழமை விழா. நாமதான் நாடகம் போடறோம்!"

அராபா பேசின் என்பது, மீன் சுமக்கும் அகலப் பாத்திரத்தின் பெயரில் நடக்கும் ஒரு சின்ன உதவி நிதி. பள்ளிக்கூடம் போக வழியில்லாத பிள்ளைகளுக்குச் சீருடை, ஷூ, புத்தகம் எல்லாம் அது பார்த்துக்கொள்ளும். மீனைப் புகைபோட்டு விற்கும் பெண்கள் தொடங்கியது. பிறகு ஊரிலிருந்து வெளிநாடு போன ஒரு நர்ஸ் தன் சிநேகிதிகளிடம் சொல்ல, அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்தச் சிநேகிதிகள் இப்போதுதான் முதல்முறையாக ஊருக்கு வருகிறார்கள்.

"முதல் காட்சியில ஏழைப் பொண்ணு அராபா கிழிஞ்ச சட்டையோட அழுதுக்கிட்டே வர்றா" என்றார் சார். "மீன்காரங்க மனசு இரங்கி, பேசின்ல மீன் போட்டு அவளைப் படிக்க வைக்கறாங்க. குக்குவா, நீ அறிவிப்பாளர். மைக் வேலை செய்யலேன்னாலும் கவலையில்ல."

வகுப்பு சிரித்தது. குக்குவாதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

"கடைசியில, இந்த வருஷம் பேசின் படிக்க வைக்கிற பிள்ளையை நீ மேடைக்குக் கூப்பிடணும். அது வந்து முழங்கால் மடக்கி நன்றி சொல்லும்."

"அது யாரு சார்?" என்று கொபினா எம்பினான்.

"அன்னைக்குத் தெரியும், உட்காரு."

"டேய், பேசின் மீனு மாட்டப்போகுது!" என்றான் கொபினா. மறுபடியும் சிரிப்பு.

மான்சா சிரிக்கவில்லை. கால்களைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். அவள் ஷூ புதுசு என்பதைக் குக்குவா அப்போதுதான் கவனித்தாள்.

மாலையில் இரண்டு பேரும் கடற்கரையில், கவிழ்த்துப் போட்ட படகின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். அலை வந்தது, போனது.

மான்சா சொன்னாள். "அது நான்தான். சார் தனியா கூப்பிட்டுச் சொல்லிட்டாரு."

"ம்."

"நான் மேடை ஏறமாட்டேன். அக்ரா பட்டணத்துக்குப் போயிடறேன். எங்க சித்தி அங்க தண்ணி பாக்கெட் விக்கறா. நானும் விப்பேன்."

"அப்போ பள்ளிக்கூடம்?"

மான்சா ஷூவைக் கழற்றி மணலைத் தட்டினாள். மணலே இல்லை. ஆனாலும் தட்டிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் குக்குவா ஓட்டூ சாரிடம் போனாள்.

"சார், அந்தக் கடைசிக் காட்சி வேண்டாமே."

சார் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு மட்டும் ஆசையாம்மா? இப்பல்லாம் கடல்ல மீனே இல்ல. பேசின் காலியாயிட்டே வருது. வர்றவங்க ஒரு பிள்ளையோட முகத்தைக் கண்ணால பார்த்தா மறக்கமாட்டாங்க. இன்னும் நாலு பிள்ளைங்க படிக்கும்."

அவர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது. அதுதான் குக்குவாவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தாள். அம்மா புகை அடுப்பில் மீன்களைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அந்த முதல் அராபா யாரும்மா? கிழிஞ்ச சட்டை போட்டுக்கிட்டு வந்தவ?"

அம்மாவுக்குச் சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்தன. "எவடி சொன்னது? அப்படி ஒருத்தி கிடையவே கிடையாது."

"என்னது!"

"கத்தாத, மீனு பயந்துடும். நான் அப்போ தொழிலுக்கு வந்த புதுசு. ஒரு படகு போச்சு, திரும்பி வரல. அந்த வீட்டுப் பிள்ளை படிப்பை நிறுத்தற மாதிரி ஆச்சு. உதவணும். ஆனா பேரைச் சொல்லிக் கேட்டா, அந்தப் பிள்ளை தெருவுல தலை நிமிர்ந்து நடக்குமா? அன்னைக்குச் செவ்வாய்க்கிழமை. ஒரு பேசினைத் துணியால மூடி வீடு வீடா அனுப்பினோம். யாருக்குன்னு கேட்டா 'அராபாவுக்கு'ன்னு சொல்லிடறது. ஊர்ல பாதிப் பேரு அராபா. எவன் கண்டுபிடிப்பான்?"

"அப்போ நிஜமா அந்தப் பிள்ளை யாரு?"

அம்மா ஒரு மீனைத் திருப்பினாள். இன்னொரு மீனைத் திருப்பினாள்.

"புகை கண்ணுல படுது. தள்ளி நில்லு" என்றாள்.

குக்குவா தள்ளி நின்றாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு மான்சா வீட்டுக்கு ஓடினாள்.

"அக்ராவுக்கெல்லாம் போகாத. செவ்வாய்க்கிழமை வந்து கடைசி வரிசையில உட்காரு. உன் பேரு என் வாயிலேர்ந்து வராது."

"சார் உன்னைத் திட்டுவாரு."

"திட்டட்டும். அவர் குரலைவிட என் குரல் பெருசு."

மான்சா அவளையே பார்த்தாள். "வர்றேன்" என்று சொல்லவில்லை. "மாட்டேன்" என்றும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை வந்தது. ஊரே பள்ளிக்கூடத்து மைதானத்தில் இருந்தது. முன்வரிசையில் வெளிநாட்டு விருந்தாளிகள். பக்கத்தில் தலைமையாசிரியை டாட்சி மேடம், முதுகு வளையாமல். மேடை ஓரத்தில் அந்தப் பழைய அலுமினிய பேசின். கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால், மான்சா.

நாடகம் நன்றாகவே போனது. சின்ன அராபா சட்டையைக் கிழிக்கப் பார்த்தாள், அது கிழியவில்லை. "நல்ல துணி" என்று அவளே சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். கூட்டம் கைதட்டியது.

குக்குவா முன்னால் வந்தாள். மைக் கீச்சென்று கத்தியது. அதைக் கீழே வைத்தாள்.

"இந்த வருஷம் நம்ம பேசின் படிக்க வைக்கிற பிள்ளை..."

ஓட்டூ சார் ஓரத்திலிருந்து தலையாட்டினார். குக்குவா மூச்சை இழுத்தாள்.

"அராபா! மேடைக்கு வா!"

"ஐயோ, அந்தப் பேரு இல்லம்மா!" என்றார் சார்.

மைதானம் அமைதியானது. யாரும் வரமாட்டார்கள், அப்படியே கடைசிப் பாட்டைத் தொடங்கிவிடலாம் என்றுதான் குக்குவா நினைத்திருந்தாள். அந்த அமைதி நீண்டுகொண்டே போனது. பாட்டின் முதல் வரியே அவளுக்கு மறந்துபோனது.

அப்போது நடுவரிசையில் ஒரு குண்டு மீன்காரி எழுந்தாள்.

"என்னையா கூப்பிட்ட?"

குக்குவா விழித்தாள். பக்கத்தில் இருந்த அம்மா அந்த மீன்காரியை முழங்கையால் இடிப்பது தெரிந்தது.

"பேர் சொல்லிக் கூப்பிட்டா போகணுமில்ல!" என்று மீன்காரி நடந்தாள். அவளுக்குப் பின்னால் தக்காளிக்கடை அராபா. தையல்கடை அராபா. பல் அராபா. முதுகில் தூங்கும் குட்டி அராபாவோடு ஓர் அம்மா. மேடை கிறீச்சிட்டது.

"சார், நானும் செவ்வாய்க்கிழமைதான்!" என்று கொபினா பாய்ந்தான்.

"நீ ஆம்பளைப் பையன்டா!"

"கிழமை ஒண்ணுதானே சார்!"

டாட்சி மேடம் எழுந்து நின்றார்.

"மேடம், நீங்க எதுக்கு..." என்றார் சார்.

"என் பேரு என்னன்னு நினைச்சீங்க மிஸ்டர் ஓட்டூ? மேடம்னா?"

அவர் படியேறினார். பேசினைக் கடக்கும்போது ஒரு கணம் அதன் விளிம்பில் கை வைத்தார். பிறகு எடுத்துவிட்டார். குக்குவா அம்மாவைப் பார்த்தாள். அம்மா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி வரிசையில் மான்சா எழுந்தாள்.

'ஐயோ, இவ ஏன் வர்றா?' என்று பதறினாள் குக்குவா. அப்புறம்தான் ஞாபகம் வந்தது. இவளும் அராபாதானே!

மான்சா நிதானமாக நடந்து வந்தாள். மீன்காரிக்கும் மேடத்துக்கும் நடுவில் புகுந்து நின்றாள். அங்கே அவள் இன்னும் ஓர் அராபா, அவ்வளவுதான். மீன்காரி எதையோ காதில் சொல்ல, மான்சா வாய்விட்டுச் சிரித்தாள்.

நரைத்த தலை விருந்தாளி ஓட்டூ சாரிடம் கேட்டார். "இதுல எந்தப் பிள்ளை?"

சார் மேடையைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடினார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"எல்லாருமே அராபாதாங்க."

விருந்தாளி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "அடேயப்பா! அப்போ இத்தனை முகத்தையும் நான் ஞாபகம் வெச்சுக்கணுமா?" என்று சிரித்தார். சாரும் சிரித்துவிட்டார். பழைய வழக்கப்படி பேசினைத் துணியால் மூடிக் கூட்டத்துக்குள் அனுப்பினார்கள். அது திரும்பி வந்தபோது தூக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

மறுநாள் வகுப்பில் எல்லோரும் கொபினாவைத்தான் "பேசின் மீனு" என்று கூப்பிட்டார்கள். அவனும் பெருமையாகத் திரும்பிப் பார்த்தான்.

மான்சா பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். புது ஷூவை முன்னால் நீட்டிக்கொண்டாள்.

பிறகு சொன்னாள். "பாவம்டி நீ. எல்லாரும் வரிசையா நின்னோம். நீ மட்டும் ஓரமா நின்ன."

"என்ன பண்றது? நான் புதன்கிழமை."

"அடுத்த தடவை ஒரு நாள் முன்னாடியே பொறந்துடு."

குக்குவா சிரித்த சிரிப்பு கடற்கரை வரைக்கும் கேட்டது.