மரக்குண்டின் நீளம்

காலை 7.10

பூட்டு உடையவில்லை. சன்னல் கம்பி வளையவில்லை. ஆனால் கொட்டகைக்குள் மேசையின் இடப்பக்க இழுப்பறை காலியாக இருந்தது. பத்து வருடமாக அதற்குள் இருந்த பச்சை அட்டை நோட்டைக் காணவில்லை.

லாரிக்காரர் இழுப்பறையைக் கழற்றித் தலைகீழாகத் தட்டினார். ஒரு குண்டூசியும் கொஞ்சம் தூசியும் விழுந்தன. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மனைவி வந்து தோளைத் தொட்டபோது காலி இழுப்பறையைத் தூக்கிக் காட்டினார்.

முப்பது வருடம் லாரி ஓட்டி ஓய்ந்தவர். முப்பது வருடத்துக்கு முன்பே படையிலிருந்து விலக்கப்பட்ட ஓர் அணுகுண்டு எப்படி இருந்தது, எப்படி வேலை செய்தது என்பதை வெளியில் கிடைக்கும் துண்டு துணுக்குகளை வைத்தே கண்டுபிடிப்பது என்று கிளம்பியிருந்தார். அருங்காட்சியகத்தில் நிற்கும் வெற்றுக்கூடு, பழைய பத்திரிகைப் படங்கள், ஓய்வுபெற்ற தொழிலாளிகள் வாய்தவறிச் சொன்னவை என்று எதையும் விடவில்லை. அவர் அதை ஆராய்ச்சி என்றார். மனைவி அதைக் கிறுக்கு என்றாள். அடுத்த மாதம் அது புத்தகமாக வர இருந்தது.

கொட்டகையின் நடுவே ஆதாரம் போல ஒரு குண்டு கிடந்தது. மரத்தில் செய்து சாம்பல் வண்ணம் பூசியது. அசல் உருவம், அசல் நீளம் என்று அவர் பெருமையாகச் சொல்வார்.

காலை 8.40

திருட்டுப் புகாரை வாங்க வந்த ஆய்வாளர் ஒரு பெண்மணி. அதிகம் பேசமாட்டார், எதிரில் இருப்பவரைப் பேசவிட்டு நகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். கூட வந்த ஏட்டு நேரெதிர். அலமாரியைத் துழாவியபடியே தன் மூட்டுவலி வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தவர் சட்டென்று வாயை மூடினார்.

“மேடம், இதைக் கொஞ்சம் பாருங்க.”

அலமாரித் தட்டில் விரித்திருந்த காகிதத்துக்கு அடியில் மடித்த வரைபடம் ஒன்று. தாள் பழுத்திருந்தது. மூலையில் ஆயுதத் தொழிற்சாலையின் பெயர். அதன்மேல் சிவப்பு முத்திரை: இரகசியம். நடுவில் அதே குண்டு, அளவுகளோடு.

புகார் கொடுத்தவரே ஒரு நொடியில் குற்றவாளி ஆனார். அரசு இரகசியத்தை ஒளித்துவைத்திருந்தால் பத்து வருடம் சிறை. தலைமையகத்துக்குத் தகவல் போனது. மாலை நான்கு மணிக்கு ஆள் வரும், அதுவரை அவரை வீட்டைவிட்டு வெளியே விடக்கூடாது என்று பதில் வந்தது.

“இது என்னதில்ல மேடம்,” என்றார் லாரிக்காரர். பிறகு குனிந்து அளவுகளைப் படித்தார். முகம் மாறியது. “நீளம் இருநூறு சென்டிமீட்டர். குறுக்கே ஐம்பது. வால் எண்பது. எல்லாம் என் நோட்டுல இருக்கிற அளவு. ஒண்ணுகூடத் தப்பலையே.”

கண்ணில் நீர் வழிந்தது. பயத்தால் அல்ல.

“பத்து வருஷமா எல்லாரும் சிரிச்சாங்க. லாரி ஓட்டுறவனுக்கு எதுக்கு அணுகுண்டுன்னு. அரசாங்கத்து வரைபடமே சொல்லுது பாருங்க, என் கணக்கு சரின்னு.”

கைவிலங்குக்கு ஏழு மணி நேரம் இருக்கும்போது சந்தோஷப்படுகிற ஒரு மனிதரை ஆய்வாளர் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார். அது நடிப்பு இல்லை என்று அவருக்குப் பட்டது. ஆனால் பட்டதை எல்லாம் அறிக்கையில் எழுத முடியாது.

“எதுக்குங்க இந்த வேலை?”

“இது ஒரு ஊர் மேல விழுந்தா அந்த ஊரே இருக்காது. அப்படி ஒண்ணை நம்ம பேரைச் சொல்லி செஞ்சு வெச்சாங்க. அது என்னன்னு தெரிஞ்சுக்க வேணாமா நமக்கு?”

“கூட்டை எப்படி அளந்தீங்க?”

“அருங்காட்சியகத்துல இரும்பு டேப் விடமாட்டாங்க, பெயின்ட்ல கீறல் விழுமாம். வீட்டுக்காரி தைக்கிற துணி டேப்பை எடுத்துட்டுப் போனேன். மூணு தடவை அளந்தேன். மூணு தடவையும் இருநூறு.”

“கொட்டகைச் சாவி?”

“மூணு. என்கிட்ட ஒண்ணு, ஃபோட்டோக்காரன்கிட்ட ஒண்ணு, லேத்து வேலை பாத்த கடைசல் அண்ணன்கிட்ட ஒண்ணு. நாங்க மூணு பேரும் சேர்ந்ததுதானே இது.”

காலை 10.15

ஃபோட்டோக்காரர் ஸ்டூடியோ வைத்திருப்பவர். பழைய படங்களைப் பெரிதாக்கிக் கொடுத்தது அவர்தான். போன வாரம் லாரிக்காரருக்கும் அவருக்கும் சண்டை நடந்தது தெருவுக்கே தெரியும்.

“எதுக்குச் சண்டை?”

“புத்தக அட்டையில என் பேர் சின்னதா இருந்துச்சு.”

“எவ்வளவு சின்னதா?”

“அச்சகத்துக்காரன் பேரைவிட.”

“இந்த வரைபடத்துல அளவு சரியா?”

அவர் பையிலிருந்து புத்தகத்தின் அச்சுப்படியை எடுத்து வரிவரியாக ஒப்பிட்டார். “எங்க புத்தகத்துல உள்ளபடியே இருக்கு. ஆனா மேடம், லாரி அண்ணன் இதைப் பாத்துக் காப்பியடிச்சார்னா எனக்கு எதுக்கு ராத்திரி பகலா படம் பெருசாக்கச் சொன்னார்? நான் கோபக்காரன்தான். அவர் திருடர்னு மட்டும் சொல்லமாட்டேன்.”

காலை 11.20

லாரிக்காரர் வீட்டு முன்னறைதான் மனைவியின் தையற்கடை. ஆய்வாளர் அங்கே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். தையற்காரியின் கழுத்தில் டேப் தொங்கியது. அதன் எண்கள் பாதி அழிந்துவிட்டன. அவள் கால் மிதியை அழுத்திக்கொண்டே இருந்தாள். நிறுத்தினால் அழுதுவிடுவாள் போலிருந்தது.

“கடைசல்காரர் அடிக்கடி வருவாரா?”

“தினம் வருவார். ஆயுதத் தொழிற்சாலையில நாற்பது வருஷம் லேத்துல நின்னவர். உள்ளே என்ன செஞ்சார்னு மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. இவர் கேப்பார், அவர் சிரிப்பார். இரும்பு எப்படிக் கடையறது, வரைபடம் எப்படிப் படிக்கிறது, அதெல்லாம் சொல்லுவார். போன மாசம் மரக்குண்டு முடிஞ்ச அன்னிக்கு வந்தார். சாண் போட்டு இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடிவரைக்கும் அளந்தார். டீ வெச்சேன், தொடக்கூட இல்ல. அப்புறம் வரத்தே குறைஞ்சுபோச்சு.”

வாசலில் ஒரு பெண் துணிப்பையோடு நின்றாள். “அக்கா, பொண்ணு ஹாஸ்டல்லேர்ந்து திருப்பி அனுப்பிட்டா. பாவாடை இடுப்புல நிக்கலையாம்.”

“அளவுச் சீட்டுல எழுபதுன்னுதானே போட்டிருந்துச்சு? எழுபதுதான் வெட்டினேன்.”

“அது அந்த ஊர் டெய்லர் எடுத்த அளவு அக்கா. அவன் தெச்சது சரியா இருக்கு.”

“இருபது வருஷத்துல என் துணி லூசுன்னு ஒருத்தரும் சொன்னதில்ல,” என்றாள் தையற்காரி. பாவாடையை வாங்கி மடியில் போட்டாள். “இன்னிக்குப் பாத்து இதுவும் வரணுமா.”

ஆய்வாளர் நகத்தைப் பார்ப்பதை நிறுத்தினார்.

பகல் 1.30

கடைசல்காரரின் வீடு ஒற்றை அறை. மனைவி இறந்துபோய் மூன்று வருடம் ஆகிறது. கருவிகள் அளவுவாரியாகச் சுவரில் தொங்கின. எழுபத்தாறு வயதிலும் கை நடுங்கவில்லை.

ஆய்வாளர் வரைபடத்தை மேசையில் விரித்தார். கடைசல்காரர் கண்ணாடியை எடுத்துப் போடவில்லை. தாளைப் புரட்டிக் கவிழ்த்து வைத்தார். பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“இது உங்க தொழிற்சாலைத் தாளா?”

“ஆமா.”

“அளவு சரியா?”

அவர் கவிழ்த்த தாளின் ஓரத்தை விரலால் நீவினார்.

“ஐயா, உங்க நண்பர் ஜெயிலுக்குப் போகப்போறார். அளவு சரியா, தப்பா?”

“நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன் மேடம். சாகிற வரைக்கும் அதைப் பத்திப் பேசறதில்லன்னு.” பிறகு, “தம்பியை ஜெயில்லயா போடுவாங்க? புத்தகத்தை நிறுத்துறதோட விட்டுர மாட்டாங்களா?” என்று கேட்டார்.

வெளியே வந்ததும் ஏட்டு சொன்னார்: “இவர் இல்ல மேடம். இவருக்கு ஒண்ணுமே தெரியாத மாதிரி இருக்கு.”

“இவருக்கு மட்டும்தான் எல்லாம் தெரியும்,” என்றார் ஆய்வாளர். ஜீப்பிலிருந்தே அருங்காட்சியகத்துக்குப் பேசினார். காப்பாளரையே இரும்பு அளவுகோலால் கூட்டை அளந்து சொல்லச் சொன்னார்.

பகல் 3.05

ஆய்வாளர் கொட்டகைக்கு எல்லோரையும் கூப்பிட்டிருந்தார். மரக்குண்டைச் சுற்றி நின்றார்கள். கடைசல்காரர் மட்டும் கதவோரம்.

ஆய்வாளர் தையற்காரியின் கழுத்திலிருந்து டேப்பை வாங்கி மேசையில் நீட்டினார். பக்கத்தில் ஏட்டு கடைவீதியில் வாங்கிவந்த புது இரும்பு டேப்.

“அம்மா, துணி டேப்புல நூறு எங்க இருக்குன்னு பாருங்க.”

தையற்காரி குனிந்தாள். துணி டேப்பில் நூறு என்று இருந்த இடத்தில் இரும்பு டேப் நூற்று மூன்று காட்டியது.

“இருபது வருஷமா கழுத்துல போட்டு இழுத்து இழுத்து இது நீண்டுபோச்சு. உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஏன்னா உடம்பை அளக்கிறதும் இதுதான், துணியை வெட்டுறதும் இதுதான். தப்பும் தப்பும் கழிஞ்சு சட்டை சரியா வந்துரும். வேற ஊர் டேப்புல எடுத்த அளவு வந்தப்பதான் பாவாடை லூசாச்சு.”

அவர் லாரிக்காரரைப் பார்த்தார். சொல்லப்போவது அவருக்கே பிடிக்கவில்லை.

“நீங்க கூட்டை அளந்ததும் இதாலதான். அதோட உண்மையான நீளம் இருநூறு இல்ல. இருநூற்று ஆறு. காப்பாளர் இப்பதான் அளந்தார். குறுக்கே ஐம்பத்தொன்றரை. உங்க நோட்டுல இருக்கிற எல்லா அளவும் நூத்துக்கு மூணு குறைச்சல்.”

லாரிக்காரரின் முகம் சுருங்கியது. கைது என்றபோது இப்படி ஆகவில்லை.

“இந்த வரைபடத்துலயும் அதே குறைச்சல்,” என்றார் ஆய்வாளர். “தொழிற்சாலையில போட்ட வரைபடம்னா இருநூற்று ஆறுன்னு இருக்கணும். உங்க வீட்டு டேப்போட தப்பு அரசாங்கத்து வரைபடத்துல எப்படி ஏறும்? தாள் பழசு, முத்திரை நிஜம். யாரோ எடுத்துவெச்சிருந்த வெத்துத்தாள். கோடு மட்டும் புதுசு. உங்க நோட்டைப் பாத்துப் போட்டது. நோட்டு இருந்தா நீங்க படிப்படியா கண்டுபிடிச்சது தெரிஞ்சுரும், அதனால நோட்டும் போச்சு.”

“வெத்துத்தாள் யார்கிட்ட இருக்கும்?” என்று ஃபோட்டோக்காரர் மெல்லக் கேட்டார். கேட்டுக்கொண்டே கதவுப்பக்கம் பார்த்தார்.

“இருக்கட்டும் மேடம்,” என்றார் ஏட்டு. “அவருக்குச் சரியான அளவு தெரியுமே. தெரிஞ்சவர் தப்பா ஏன் போடணும்?”

“நானும் அங்கதான் தடுக்கி நின்னேன்.” ஆய்வாளர் இரும்பு டேப்பை எடுத்து மரக்குண்டின் மூக்கிலிருந்து வால்வரை இழுத்தார். “படிங்க.”

ஏட்டு படித்தார். “இருநூற்று ஆறு.”

லாரிக்காரர் குனிந்து தானே ஒருமுறை படித்துப் பார்த்தார்.

“இவர் துணி டேப்பாலயே அளந்து, அதே டேப்பாலயே மரத்தை அறுத்தார். அம்மா தைக்கிற சட்டை மாதிரிதான். நோட்டுல எண் தப்பு, குண்டு சரி. போன மாசம் ஒருத்தர் வந்து சாண் போட்டுப் பாத்தார். அந்த இரும்பைக் கடைஞ்ச கை. டீயைக்கூடத் தொடாம எழுந்து போனார். இன்னிக்கு இந்த வரைபடத்தைக் காட்டி மூணு பேரையும் அளவு சரியான்னு கேட்டேன். ரெண்டு பேர் பதில் சொன்னாங்க. ஒருத்தர் தாளைக் கவிழ்த்து வெச்சார். ஐயா, சரியான அளவைப் போட்டிருந்தீங்கன்னா என்னால எதையும் நிரூபிச்சிருக்க முடியாது. ஏன் போடலை?”

கடைசல்காரர் தன் கைகளைப் பார்த்தார்.

“கை வரல,” என்றார்.

சட்டைக்குள்ளிருந்து பச்சை அட்டை நோட்டை எடுத்து மேசையில் வைத்தார். கொளுத்தத்தான் எடுத்துப்போனாராம். மூன்று தடவை தீக்குச்சியைக் கிழித்தும் மனம் வரவில்லையாம்.

“தம்பியை உள்ளே தள்ள நெனைக்கல மேடம். சீல் வெச்ச தாளைப் பாத்தா புத்தகத்தைப் பிடிச்சு வெச்சுட்டுப் போயிருவாங்கன்னு நெனச்சேன். என் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில கடைசியா கேட்டா. நாற்பது வருஷம் காலையில போய்ச் சாயங்காலம் வந்தீங்களே, அங்க என்னதான் செஞ்சீங்கன்னு. சொல்லல. கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், சொல்லல. அவளும் போயிட்டா.” மரக்குண்டைக் காட்டினார். “அப்புறம் ஒரு நாள் இந்தக் கொட்டகைக்குள்ள வரேன், நடுவுல அது கிடக்குது. யாரும் சொல்லாமலே. அப்ப நான் அவகிட்டேர்ந்து எதை மறைச்சேன்? எதுக்கு மறைச்சேன்?”

தையற்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஃபோட்டோக்காரர் சுவரைப் பார்த்தார்.

“பொய்ச் சாட்சி ஜோடிச்சதுக்கும் அந்தத் தாளை வெச்சிருந்ததுக்கும் வழக்கு உண்டு ஐயா,” என்றார் ஆய்வாளர். குரலில் கடுமை இல்லை.

“தெரியும்மா.”

மாலை 3.50

தெருமுனையில் தலைமையகத்து வண்டி திரும்பியது. ஏட்டு கடைசல்காரரின் பக்கத்தில் போய் நின்றார். கையைப் பிடிக்கவில்லை.

லாரிக்காரர் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் எண்களை அடித்துத் திருத்தியாக வேண்டும். நோட்டை மூடிவிட்டு அவர் எதிரே வந்தார். அடித்துவிடுவாரோ என்று ஆய்வாளர் ஓரடி முன்னால் நகர்ந்தார்.

“அண்ணே. ஒண்ணே ஒண்ணு. இந்த மரக்குண்டு சரியா இருக்கா?”

காப்பாளர் சொல்லிவிட்டார், இரும்பு டேப் சொல்லிவிட்டது. ஆனாலும் அந்த மனிதருக்கு இவர் வாயால் கேட்க வேண்டும். பத்து வருடம் அதற்காகத்தான் டீ வாங்கிக் கொடுத்தார் என்றுகூடச் சொல்லலாம்.

கடைசல்காரர் வாயைத் திறந்தார். ஒரு சொல்லும் வரவில்லை. கண் மட்டும் நிறைந்தது. பெண்டாட்டிக்கே சொல்லாததை இவருக்குச் சொல்ல அவரால் முடியவில்லை.

லாரிக்காரர் அவருடைய தோளில் கை வைத்தார்.

“வேணாண்ணே. சொல்லாதீங்க.”

“புத்தகம் போடுவியா?”

“போடுவேன். அதுல நீங்க சொன்னதா ஒரு வரி இருக்காது. யார் கேட்டாலும் சொல்லுவேன், அண்ணன் கடைசிவரைக்கும் வாயைத் திறக்கலைன்னு.”

கடைசல்காரர் தலையை ஆட்டினார். பிறகு வெளியே நடந்தார். லாரிக்காரரும் செருப்பைப் போட்டுக்கொண்டு வண்டிவரைக்கும் அவர்கூடவே போனார்.