பொட்டு வைத்த காற்றுமானி

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டயர்க் கடைக்கு மேல்மாடியில் கங்காவின் துப்பறியும் அலுவலகம் இருந்தது. வருகிற வழக்குகளில் முக்கால்வாசி கல்யாண விசாரணை. மாப்பிள்ளைக்குக் கம்பெனியில் நிரந்தர வேலையா, கான்ட்ராக்டா என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். அவளுடைய உதவியாளன் டெனிசன், கார் சீட் தைக்கும் லைனை விட்டு இங்கே சேர்ந்ததே ஒரு கொலையாவது பார்க்கலாம் என்றுதான். இதுவரை வாய்க்கவில்லை.

அன்று காலை பிள்ளைப்பாக்கத்திலிருந்து சகாயமேரி வந்தாள். அவளைக் கூட்டிவந்த கணவன் ஜெபதாஸ் மேலே ஏறாமல் கீழே வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"காத்து நல்லா கீதுன்னு மெஷின் சொல்லுது மேடம். என் பையன் ஷாலின் மூச்சு வுட முடியாம உக்காந்துகினே தூங்குறான். மெஷின் பொய் சொல்லுதா, என் புள்ள பொய் சொல்றானா?"

ஊரை ஒட்டிய இரும்பு வார்ப்புத் தொழிற்சாலை மூன்றாவது ஷிப்டுக்கு அனுமதி கேட்டிருந்தது. காற்றில் எவ்வளவு தூசி வரை அனுமதிக்கலாம் என்று அளவு குறிக்க, மறுநாள் காலை பஞ்சாயத்து அலுவலகத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். அளவைக் குறைத்தால் கம்பெனி பெரிய வடிகட்டி பொருத்த வேண்டும். செலவாகிவிட்டது என்று சொல்லி முதலில் கான்ட்ராக்ட் ஆட்களை வேலையை விட்டு அனுப்பும். ஜெபதாஸ் அங்கே கான்ட்ராக்ட். குறைக்காவிட்டால் ஷாலின் உட்கார்ந்துகொண்டே தூங்க வேண்டும். தராசின் ஒரு தட்டில் கம்பெனியின் செலவு ஏறி உட்கார்ந்துவிட்டது. நோயை வைக்க வேண்டிய மறு தட்டு காலி. ஏனென்றால் பஞ்சாயத்து மாடியில் தூசியை அளக்க வைத்திருந்த காற்றுமானியில் எப்போது பார்த்தாலும் பச்சை விளக்கு.

"பையனுக்கு மாஸ்க் போடலாமே?" என்றான் டெனிசன்.

"வூட்டுக்காரரு கம்பெனி ஸ்டோர்ல ரெண்டு பெட்டி வாங்குனாரு, ஷாலினுக்குன்னு சொல்லி. ஒண்ணுகூட வூடு வந்து சேரல. கேட்டா, ப்ரெண்டுங்களுக்குக் குடுத்துட்டேன்றாரு. அவ்ளோ தாராளம்."

கங்கா ஜன்னல் வழியாகக் கீழே ஒருமுறை பார்த்தாள். பிறகு டீயை முடித்தாள்.

பஞ்சாயத்து மாடிக்கு வெளிப்படிக்கட்டு. யார் வேண்டுமானாலும் ஏறலாம். தண்ணீர் மோட்டார் போடும் வெங்கடேசன்தான் காற்றுமானிக்கும் பொறுப்பு. பெட்டியின் நான்கு பக்கமும் சந்தனம், அதன் மேல் குங்குமம், காய்ந்த சாமந்தி.

"ஆயுத பூஜைக்கு வெச்சது மேடம். மோட்டாருக்கு வெச்சா இதுக்கும் வெக்கணுமில்ல? மூடியத் தொறந்து உள்ளாறகூட வெச்சேன். மூக்குக்கிட்டயே சாம்பிராணி காட்டுனேன். தங்கமான மெஷினு, அசரவே இல்ல. அப்பவும் பச்சைதான்."

டெனிசன் மூடியைத் திறந்தான். காற்றை உறிஞ்சும் குழாயின் வாயில் பளீரென்ற வெள்ளை மாஸ்க் ஒன்று இறுகக் கட்டியிருந்தது. அதன் நடுவிலும் பொட்டு. மேலே சந்தனம், அடியிலிருந்து குங்குமம் ஓரமாக எட்டிப் பார்த்தது.

"அக்கா, மெஷினுக்கு மாஸ்க்கு!"

"அது பில்டரு தம்பி," என்றார் வெங்கடேசன். "அதுக்கும்தான் பொட்டு வெச்சேன். அப்பப்ப தொறந்து பாப்பேன், அப்டியே கீது."

கங்கா மூடியை மூடினாள். "நாளைக்குக் கூட்டத்துக்கு முன்னாடி எல்லாரையும் மேல வரச் சொல்லுங்க."

மறுநாள் மாடியில் வெங்கடேசன், கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி நம்பிராஜன், தொழிலாளர்களுக்கு ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் தணிகாசலம், சகாயமேரி, ஜெபதாஸ். ஷிப்டு கூடினால் ரூம் நிறையும், ஆகவே தணிகாசலம்தான் என்று டெனிசன் இரவே தீர்ப்பு எழுதியிருந்தான்.

கங்கா மூடியைத் திறந்தாள். "மூக்குல சாம்பிராணி காட்டியும் மெஷின் அசரலைன்னா, அன்னிக்கே மூக்கை அடைச்சிருக்காங்க. ஆனா இந்த மாஸ்க் வெள்ளையா இருக்கு. பூஜையிலேருந்து இந்தப் புழுதியை உறிஞ்சியிருந்தா கறுத்துப் போயிருக்கும். அதனால இது புதுசு. வெங்கடேசன் அண்ணனுக்குச் சந்தேகம் வரக் கூடாதுன்னு, மாத்தினவர் பொட்டும் வெச்சிருக்கார்."

"அதான் யாரு?" என்றார் தணிகாசலம்.

"பெட்டியில சந்தனம் கீழ, குங்குமம் மேல. அண்ணன் வெச்சது. நீங்க வெச்சாலும், நம்பிராஜன் சார் வெச்சாலும் கை தானா அப்படித்தான் போகும். மாஸ்க்ல மட்டும் தலைகீழ். கம்பெனி பூஜையில தள்ளி நின்னு சுண்டல் மட்டும் வாங்கினவர் வெச்ச பொட்டு இது."

"எது முதல்லன்னு எனக்கும் தெரியாதே அக்கா," என்றான் டெனிசன்.

"அதனாலதான் நேத்து கொஞ்ச நேரம் உன் மேலயும் சந்தேகம் இருந்துச்சு. ஆனா வீடு வந்து சேராத ரெண்டு பெட்டி மாஸ்க் உன்னுது இல்ல."

சகாயமேரி மெதுவாகத் திரும்பினாள். ஜெபதாஸ் தரையைப் பார்த்தான்.

"அளவைக் கொறைச்சா மொதல்ல போறது நான்தான். ஓ.டி. காசுலதான் அவனுக்கு மூச்சு மெஷினே வாங்குனேன். வேலை பூட்டா மருந்துக்கு எங்க போறது? நானும் ரெண்டு பக்கமும் யோசிச்சுதான் பண்ணேன்."

"யோசிச்சீங்க. ஒரு பக்கத்தைத் துணியால மூடிட்டு யோசிச்சீங்க."

நம்பிராஜன் முகம் மலர்ந்தது. "அப்ப கம்பெனிக்கு இதுல சம்பந்தமில்லைன்னு தெளிவாயிடுச்சு."

"ரொம்ப சந்தோஷப்படாதீங்க சார். இன்னும் கழட்டலை."

டெனிசன் மாஸ்க்கை உருவினான். குழாய் கொஞ்ச நேரம் உறிஞ்சியது. பச்சை மஞ்சளாயிற்று. அங்கே நிற்கவும் பிடிக்காமல் சிவப்பாயிற்று.

"தம்பி, அதத் திரும்பக் கட்டுப்பா, ரூமெல்லாம் காலியாயிடும்," என்றார் தணிகாசலம். வேடிக்கையாகச் சொல்லவில்லை.

கீழே மைக் டெஸ்டிங் ஆரம்பித்தது. "மெஷின் மூக்கு அடைச்சிருந்துச்சு, எல்லா ரீடிங்கையும் புதுசா எடுக்கணும்னு நான் சொல்லிடுறேன்," என்றாள் கங்கா. "யார் அடைச்சாங்கன்றதை நான் சொல்லப் போறதில்ல."

சகாயமேரி கணவனிடம் கை நீட்டினாள். "மீதி எங்க?"

ஜெபதாஸ் சட்டைப் பையிலிருந்து இரண்டு மாஸ்க்கை எடுத்தான். ஒன்றை ஷாலினுக்கென்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். மற்றதை அவனிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"படி எறங்குற வரைக்கும் போட்டுக்கோ. மைக்குக்கிட்ட போனதும் கழட்டிடு. நீ சொல்றது எல்லாருக்கும் கேக்கணும்."